9 வேகச் சோராவை இப்போதே மாற்றுவதா, புதிய வரிசை வரும்வரை பொறுப்பதா?

சேலம்_சுழலி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது அலுமினிய ஃபிரேம் ரோடு சைக்கிள். கியர் ஷிமானோ சோரா ஆர்3000, 9 வேகம். முன்னால் 50, 34 பல்; பின்னால் 11 முதல் 28 பல் வரை ஒன்பது பல்சக்கரம். ரிம் பிரேக். வார நாள்களில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு, அவ்வப்போது 200, 300 கி.மீ. பிரெவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம்). 2027 ஆகஸ்டில் பிரான்சின் 1,200 கி.மீ. பிரெவேயான பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போக வேண்டும் என்று ஆசை வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சிக்கல் இதுதான். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் கடைசிக் கியர் போதவில்லை. விரல் இன்னொரு கியரைத் தேடி லீவரை அழுத்துகிறது. அங்கே ஒன்றும் இல்லை. ஷிமானோவின் மேல் வரிசையான 105-க்கு மாறப் பணம் சேர்த்துவிட்டேன். ஆனால் வாங்கப் போகும்போதெல்லாம் யாராவது தடுத்துவிடுகிறார்கள். ஒருவர் "புதிய 105 வரப்போகிறது, பொறு" என்கிறார். இன்னொருவர் "க்யூஸ் என்ற புது வரிசை இறங்கட்டும்" என்கிறார். மூன்றாமவர் விலை குறையும் என்கிறார். தீபாவளித் தள்ளுபடியும் போய்விட்டது. வாங்கலாமா, பொறுக்கலாமா?

கார்பன்_கதிர்

பொறுங்கள். கொரோனா காலத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2021-இல் உதிரி பாகமே கிடைக்காமல், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார்கள். 2023 வந்ததும் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அதே பொருளை உலகமெங்கும் தள்ளுபடியில் தள்ளினார்கள். 105-இன் கதையும் அதுதான். 12 வேக 105 முதலில் 2022-இல் டிஐ2-வாக, அதாவது பேட்டரியில் கியர் மாற்றும் வடிவமாக, மட்டும் வந்தது. "இனி 105 என்றால் பேட்டரிதான்" என்று நம்பிப் பலர் கூடுதல் பணம் போட்டார்கள். 2023-இல் கேபிள் வடிவமும் வந்துவிட்டது. ஓராண்டு பொறுத்தவர்களுக்கு லாபம்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆகஸ்டில் அவசரப்பட்டவர்களைக் கேளுங்கள்.

பட்டறைக்காரர்

சேலம் தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. ரிம் பிரேக் என்று எழுதியிருக்கிறீர்கள். கதிர் அதைப் படிக்காமல் பதில் எழுதிவிட்டார்.

2023-இல் வந்த 12 வேகக் கேபிள் 105, அதாவது ஆர்7120 ஷிஃப்டர் (கியரும் பிரேக்கும் சேர்ந்த லீவர்), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே செய்யப்பட்டது. ரிம் பிரேக் கேபிளை இழுக்க அதில் வழியே இல்லை. அதற்கு முந்தைய 11 வேக ஆர்7000-தான் (2018) ரிம் பிரேக்குக்கும் கிடைத்த கடைசி 105. இனி வரப்போகும் 105 ரிம் பிரேக்குக்குத் திரும்பும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே நீங்கள் காத்திருப்பது உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தாத ஒன்றுக்காக. அது வந்தால் ஷிஃப்டரோடு முடியாது. டிஸ்க் ஃபிரேம், டிஸ்க் சக்கரம், முன் ஃபோர்க் என்று முழுச் சைக்கிளே மாற வேண்டும்.

காத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிய சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் கதிர் சொல்வது சரி. இருக்கும் சைக்கிளை மேம்படுத்துவது என்றால் அது வேறு கணக்கு.

முதலில் இரண்டு விவரங்கள் வேண்டும். பின் டெரெய்லரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) கூண்டு குட்டையா நீளமா? செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது? பன்னிரண்டு முழுக் கண்ணியை அளந்தால் புதுச் செயினில் 304.8 மி.மீ. இருக்கும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து, பின்னின் நடுவிலிருந்து நடுவரை அளந்து சொல்லுங்கள். செயினை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும்.

நெடுவழி_மலர்

கோவையிலிருந்து எழுதுகிறேன். தம்பி, ஏற்றத்தில் கியர் போதவில்லை என்பதுதான் உங்கள் குறை. 12 வேகம் வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

34 பல்லும் 28 பல்லும் சேர்ந்தால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் 1.21 முறை சுழலும். 700x25 டயருக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் சுற்றளவு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.2 கி.மீ. வேகம் வரும். அதற்குக் கீழே வேகம் இறங்கினால் சுற்று குறைந்து முழங்கால் வலிக்கும். புதிய 105-இன் பெரிய கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) 11-36. அதில் 34/36, அதே 60 சுற்றுக்கு 7.1 கி.மீ. ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதை மாதிரிச் சாய்வில் இந்த இரண்டு கி.மீ. வித்தியாசம்தான் ஏறுவதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் இடையில் நிற்கிறது.

இப்போது 9 வேகத்தில் கிடைக்கும் 12-36 கேசட்டைப் பாருங்கள். அதன் பற்கள் 12, 14, 16, 18, 21, 24, 28, 32, 36. 105-இன் 12 வேக 11-36 கேசட் 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 24, 28, 32, 36. கடைசி ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 21, 24, 28, 32, 36. மலையில் பயன்படும் பகுதி இரண்டிலும் ஒன்றுதான். பல மடங்கு விலை கொடுத்து வாங்குவது சமதளத்தில் வரும் இடைவெளியை நெருக்குவதற்காக.

அந்த நெருக்கமும் வீண் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 50/18-இல் 90 சுற்று மிதித்தால் 31.5 கி.மீ., 50/16-க்குத் தாவினால் 35.4. நடுவில் ஒன்றும் இல்லை. எதிர்க்காற்றில், இரவு மூன்று மணிக்கு, அந்த 17 பல் இல்லாதது உறுத்தும். 600 கி.மீ. பிரெவேக்குக் கெடு 40 மணி நேரம். அதில் கால் எரிச்சல் என்பது சின்ன விஷயம் இல்லை.

கார்பன்_கதிர்

அக்கா, கணக்கு சரிதான். ஆனால் 9 வேகம் செத்துக்கொண்டிருக்கும் வரிசை. அதில் பணம் போடுவது ஏன்? ஷிமானோவே கீழ்நிலை வரிசைகளை க்யூஸ் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவருகிறது. வளைந்த ஹேண்டில்பாருக்கான க்யூஸ் 2024 செப்டம்பரில் அறிவித்தாகிவிட்டது. இதற்காகவாவது பொறுக்கலாமே?

பட்டறைக்காரர்

க்யூஸ் நல்ல பொருள், மறுக்கவில்லை. அதன் லிங்க்கிளைடு கேசட்டின் பல் தடிமன். பழைய ஹைப்பர்கிளைடைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று ஷிமானோ சொல்கிறது. 9, 10, 11 வேகம் எல்லாவற்றுக்கும் பல்லுக்குப் பல் இடைவெளி ஒன்றே. 11 வேகச் செயின் ஒன்றே போதும். தினசரி அலுவலகம் போகிறவருக்கு இதைவிட நல்ல யோசனை அண்மையில் வரவில்லை.

ஆனால் அதே காரணத்தால் பழைய பாகத்தோடு சேராது. க்யூஸ் ஷிஃப்டர் சோரா டெரெய்லரைச் சரியாக இழுக்காது. சோரா ஷிஃப்டர் க்யூஸ் டெரெய்லரைச் சரியாக இழுக்காது. கேசட் மட்டும் பழைய ஃபிரீஹப்பில் (பின்சக்கர நடுவில் கேசட் மாட்டும் உருளை) ஏறும். ஆகவே க்யூஸுக்குப் போனால் ஷிஃப்டர், டெரெய்லர், கேசட், செயின் நான்கும் ஒன்றாகப் போக வேண்டும். ஒன்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து யாராவது காத்திருந்தால் ஏமாறுவார்கள்.

பெயரைப் பார்த்தும் எண்ணைப் பார்த்தும் வாங்காதீர்கள். ஷிமானோவின் டியாக்ரா வரிசையில் 4700-உம் 10 வேகம், அதற்கு முந்தைய 4600-உம் 10 வேகம். ஒன்றின் ஷிஃப்டர் மற்றதன் டெரெய்லருக்கு ஒத்துவராது. கேபிள் இழுக்கும் அளவு வேறு. இரண்டையும் கலந்து வாங்கி வந்து, "கியர் ஒரு பல் தள்ளியே நிற்கிறது, அட்ஜஸ்ட் செய்துகொடுங்கள்" என்று நிற்பவர்கள் இன்னும் வருகிறார்கள். அதை எந்தத் திருகும் சரிசெய்யாது.

சிங்கை_சங்கிலி

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே ஒரு நடைமுறை உண்டு. புதியது அறிவிக்கப்பட்ட வாரத்தில் பழையதை விற்கக் கூட்டம் கிளம்பும். புதியதற்காகக் காத்திருப்பதைவிட, புதியது வந்ததும் மற்றவர்கள் கழற்றிப் போடுவதற்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனம். 105-க்கு மேல் வரிசையான அல்டெக்ரா ஆர்8000, 11 வேக ரிம் பிரேக் தொகுப்பு, நல்ல நிலையில், அடிக்கடி கண்ணில் படுகிறது. சேலம் நண்பர் அதைப் பிடிக்கலாமே?

பட்டறைக்காரர்

பிடிக்கலாம். ஆனால் கிராங்கை, அதாவது மிதி மாட்டும் கையை, பார்த்து வாங்க வேண்டும். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 வேக அல்டெக்ரா, அதற்கும் மேலான துரா-ஏஸ் கிராங்குகளில் (6800, ஆர்8000, 9000, ஆர்9100) ஒட்டிய இடம் பிரிந்து உடையும் ஆபத்து இருந்ததால் 2023 செப்டம்பரில் ஷிமானோ உலகம் முழுவதும் பரிசோதனைத் திட்டம் அறிவித்தது. வட அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 7,60,000 கிராங்குகள். கையின் பின்புறம் இருக்கும் தயாரிப்பு எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். 105 கிராங்க் இதில் இல்லை. அது வேறு கட்டுமானம்.

ஷிஃப்டர் பழையது வாங்கும்போதும் ஒன்று பார்க்க வேண்டும். ரப்பர் உறையைப் பின்னால் மடித்து, லீவரை அழுத்தி, கியர் கேபிளின் தலை உட்காரும் குழியை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கேபிள் டேப்புக்கு அடியில் ஓடும் ஷிஃப்டர்களில் அந்தக் குழியை ஒட்டித்தான் கம்பி கூர்மையாக மடங்குகிறது. பத்தொன்பது இழைகளில் இரண்டு மூன்று அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஓட்டினால் ஒருநாள் மொத்தமும் அறுந்து, தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். சைக்கிள் சின்னப் பல்லில் போய் நிற்கும். சாமணம் வைத்து இழை இழையாகப் பிடுங்குவது என் வேலைகளிலேயே எனக்குப் பிடிக்காத வேலை. கியர் மாற்றம் கனமாகிவிட்டது என்று சொல்லிப் புதுத் தொகுப்பு கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்குக் கேபிளும் அதன் உறையான அவுட்டரும் மாற்றினாலே ஷிஃப்டர் புதிதாகிவிடுகிறது.

கார்பன்_கதிர்

இதற்குத்தான் டிஐ2 என்கிறேன். அறுந்துபோகக் கேபிளே இல்லை.

நெடுவழி_மலர்

கேபிள் இல்லை, பேட்டரி இருக்கிறது. ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 1,000 கி.மீ. என்று ஷிமானோ சொல்கிறது. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கி.மீ.

கார்பன்_கதிர்

பவர் பேங்க் எதற்கு இருக்கிறது அக்கா? முன்விளக்கும் ஜிபிஎஸ்ஸும் அதில்தானே ஓடுகின்றன. அவற்றோடு டெரெய்லருக்கும் ஒரு கேபிளைச் செருகிவிட்டுத் தூங்கலாம்.

நெடுவழி_மலர்

செருகலாம். டிஐ2-வை நான் குறை சொல்லவில்லை. கை மணிக்கட்டு மரத்துப் போகும் நீண்ட பிரெவேயில் ஒரு பொத்தானைத் தொடுவது எவ்வளவு சுகம் என்று தெரியும். ஆனால் கேபிள் அறுந்தால் ஆத்தூரில் ஒரு மெக்கானிக் ஏதாவது செய்து அனுப்புவார். டெரெய்லரின் மோட்டார் நின்றால் அவர் என்ன செய்வார்? இடத்தையும் பார்க்க வேண்டும்.

யாழ்_மிதி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே மலை இல்லை, காற்றுத்தான் எங்கள் மலை. மலர் அக்கா சொன்னது எனக்கு நன்றாக விளங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் 12 வேகச் சைக்கிள் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். செயின் முடிந்ததும் கொழும்பிலும் தேடினேன், இல்லை. கடைசியில் ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரின் பயணப் பையில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை வண்டி சுவரில் தொங்கியது. என்னுடைய பழைய 8 வேக வண்டிக்கு வேண்டிய சாமான் எல்லாம் சந்தியில் உள்ள கடையிலேயே இருக்கிறது. தம்பி, வரப்போவது நல்லதாக இருக்கலாம். அது உங்கள் ஊருக்கு எப்போது வரும், வந்தபின் அதன் செயினும் கேசட்டும் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். அறிவித்த நாளும் கடைக்கு வரும் நாளும் ஒன்றல்ல.

பாரிஸ்_பாலா

ராம்பூயேவில் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் புறப்பாட்டைப் பார்க்க நான் போவதுண்டு. அங்கே சாய்ந்து படுத்து ஓட்டும் வண்டி, இருவர் ஓட்டும் டாண்டம், முட்டைக்கூடு மாதிரி மூடிய வெலோமொபீல், ஃபிரேமிலேயே ஷிஃப்டர் வைத்த பழைய எஃகு வண்டி, எல்லாம் ஒன்றாகப் போகின்றன. ரிம் பிரேக்குக்காக யாரும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

அந்தப் பாதையில் ஏற்காடு மாதிரி ஒரே நீள மலை கிடையாது. பிரெத்தான்யே பக்கம் சின்னச் சின்ன மேடுகள், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்தம் சுமார் 12,000 மீட்டர் வந்துவிடும். முதல் 300 கி.மீ.-இல் அவை மேடு என்றே தெரியாது. திரும்பி வரும்போது தெரியும். அப்போது 34/36 வைத்திருப்பவர் உட்கார்ந்தபடி ஏறுகிறார். மற்றவர் எழுந்து நின்று ஏறுகிறார்.

சேலம் நண்பருக்கு இன்னொரு யோசனை. 2027-ஆம் பருவத்திலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடிக்க வேண்டும். 2026-இல் எவ்வளவு நீளமான பிரெவே முடித்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்து முன்பதிவில் முந்துவீர்கள். புதுப் பாகத்துக்காகக் காத்திருந்து 2026-ஐ விட்டால், பிறகு எந்தக் கேசட்டும் அந்த இடத்தைப் பிடித்துத் தராது.

சேலம்_சுழலி

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணா, அளந்துவிட்டேன். பன்னிரண்டு கண்ணி 307-ஐத் தாண்டி நிற்கிறது, 307.5 இருக்கலாம். கூண்டு குட்டை.

கதிர் சொல்வதும் மனதில் ஓடுகிறது. அடுத்த துரா-ஏஸ் வந்தால் எல்லா வரிசையும் மாறுமே, அதுவரை இதையே ஓட்டலாமா?

பட்டறைக்காரர்

307.1 தாண்டினாலே 0.75 சதவீதம் நீண்டுவிட்டது. 9 வேகத்துக்கு அதுவே எல்லை. அந்தச் செயினோடு ஓடிய கேசட்டும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டால் பிடிக்காமல் தாவும். ஆகவே "இதையே ஓட்டலாமா" என்ற கேள்விக்கு இடமில்லை. எப்படியும் செயினும் கேசட்டும் வாங்கத்தான் போகிறீர்கள்.

துரா-ஏஸ் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 7900 வந்தது 2008-இல். 9000 2012-இல், 9100 2016-இல், 9200 2021-இல். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை. அங்கே வந்தது 105-க்கு இறங்க இன்னும் இரண்டு ஆண்டு. 11 வேகம் துரா-ஏஸில் 2012, 105-இல் 2014. 12 வேகம் துரா-ஏஸில் 2021, கேபிள் 105-இல் 2023. இந்த வரிசையில் நின்றால் பாரிஸ் போய்த் திரும்பிய பிறகுதான் உங்கள் முறை வரும். வந்தாலும் ரிம் பிரேக்குக்கு வராது.

நான் செய்வது இது. 12-36 கேசட் ஒன்று. 9 வேக ஆலிவியோ (மலைச் சைக்கிள் வரிசை) டெரெய்லர், நீளக் கூண்டு. ஷிமானோவின் 9 வேகத்தில் ரோடும் மலைச் சைக்கிளும் ஒரே இழுப்பு, ஆகவே உங்கள் சோரா ஷிஃப்டரே போதும். முன்னால் 16 பல் வித்தியாசம், பின்னால் 24, மொத்தம் 40. அந்தக் கூண்டு தாங்கும். புதுச் செயின், உள் கேபிள், அவுட்டர். எல்லாம் சேர்ந்தும் நீங்கள் 105-க்குச் சேர்த்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு வராது. மீதியைத் தொடாதீர்கள். அது டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் வேண்டியிருக்கும்.

கார்பன்_கதிர்

ரோடு சைக்கிளில் ஆலிவியோவா! பார்க்க நன்றாக இருக்காது என்பதையாவது பதிவு செய்துவிடுகிறேன். 11 வேக ஆர்7000 ரிம் ஷிஃப்டர் இருப்பு இன்னும் சில கடைகளில் இருக்கிறது. ஆர்7000 நீளக் கூண்டு டெரெய்லரும், எச்ஜி700 11-34 கேசட்டும் சேர்த்தால் உங்களுடைய 9 வேக ஃபிரீஹப்பிலேயே ஏறும், சக்கரம் மாற்ற வேண்டாம். 34/34 கிடைக்கும், 17 பல்லும் கிடைக்கும். தீர்ந்துபோவதற்குள் வாங்குவதானால் இதை வாங்கச் சொல்வேன்.

நெடுவழி_மலர்

கதிர், காத்திருக்கச் சொன்ன நீங்களே இப்போது தீர்ந்துபோவதற்குள் வாங்கு என்கிறீர்கள். ஆனால் யோசனை நல்ல யோசனை. சைக்கிளை இன்னும் ஐந்தாறு ஆண்டு வைத்திருப்பதானால் நானும் அதையே சொல்வேன். 34/34-இல் 60 சுற்றுக்கு 7.6 கி.மீ. வருகிறது. மலைக்கு ஆலிவியோ கொஞ்சம் மேல், சமதளத்துக்கு 105 மேல்.

சேலம்_சுழலி

தலை சுற்றுவது நின்றது. இப்போதைக்கு பட்டறை அண்ணா சொன்னதையே செய்கிறேன். கேசட்டும் டெரெய்லரும் சேலத்திலேயே இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். செயினை மட்டும் வரவழைக்க வேண்டுமாம். ஆர்7000 ஷிஃப்டரைப் பற்றிப் பிரெவே பருவம் முடிந்ததும் பார்க்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. பழைய செயின் நீளத்துக்கே புதியதை வெட்டலாமா?

பட்டறைக்காரர்

வெட்டிவிடாதீர்கள்! பழையது 28 பல்லுக்கு வெட்டியது, குட்டையாகிவிடும். புதுச் செயினை டெரெய்லர் வழியாகக் கோக்காமல், முன்னால் 50, பின்னால் 36 இரண்டையும் சுற்றிப் பிடியுங்கள். சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு முழுக் கண்ணி, அதாவது உள் கண்ணி ஒன்றும் வெளிக் கண்ணி ஒன்றும், கூட்டி வெட்டுங்கள். டெரெய்லர் மாட்டும் முன், அது தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று கடைக்காரரை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீளக் கூண்டு அந்த வளைவைப் பெரிதாகக் காட்டும். 36-இல் மேல் உருளை பல்லோடு உரசினால் டெரெய்லரைப் பல்லிலிருந்து விலக்கும் பி-திருகை உள்ளே முறுக்க வேண்டும், கால் சுற்று கால் சுற்றாக. அதற்கும் அடங்கவில்லை என்றால் படம் எடுத்துப் போடுங்கள்.